'ஃபிப்த் வீல்': தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு முழு வீடே பின்னால் போவதைப் பார்க்கலாம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள அந்த ட்ரெய்லருக்கு அங்கே 'ஃபிப்த் வீல்' என்று பெயர். அதைப் பிக்கப்போடு சேர்க்கும் சாதனம் 'ஃபிப்த் வீல் ஹிட்ச்'. நம்மூர் துறைமுகங்களில் கன்டெய்னர் இழுக்கும் லாரிகளின் முதுகில், கிரீஸ் பூசிக் கறுப்பாக இருக்கும் குதிரைலாட வடிவத் தட்டும் அதே இனம்தான்.

சொல்லுக்குச் சொல் போட்டால் 'ஐந்தாம் சக்கரம்' என்று வரும். அப்படி எழுதினால் படிப்பவர் ஸ்டெப்னியைத்தான் நினைப்பார். ஸ்டெப்னி என்பதே வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரின் ஒரு தெருப்பெயர். அங்கே உதிரிச் சக்கரம் செய்து விற்றவர்களால் அந்தப் பெயர் இந்தியா வரை வந்து ஒட்டிக்கொண்டது. உதிரி வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு அதைவிட மிகப் பழையது. மேடு பள்ளம் தாண்டும் உப்பு வணிகர் தங்கள் வண்டியின் அடியில் கட்டி வைத்த மாற்று அச்சை 'சேம அச்சு' என்கிறது ஒரு சங்கப் பாடல். ஃபிப்த் வீல் அந்த வகை இல்லை. அது உதிரியும் இல்லை, உருளுவதும் இல்லை. பிறகு ஏன் 'வீல்'?

விடை நான்கு சக்கரக் குதிரை வண்டியில் இருக்கிறது. இரண்டு சக்கர மாட்டு வண்டி திரும்புவதற்குத் தனியாக ஒரு கருவி வேண்டாம். மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். நான்கு சக்கரம் வைத்து இரண்டு அச்சையும் சட்டத்தோடு இறுக்கிவிட்டால், வண்டி நேராகத்தான் போகும். நம் கோயில் தேர் அந்த வகை. வீதி முனையில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத் திருப்புகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஐரோப்பிய வண்டித் தச்சர்கள் முன் அச்சை மட்டும் தனியே விட்டு, நடுவில் ஓர் ஆணியில் சுழலவிட்டார்கள். ஆனால் ஓர் ஆணியை மட்டும் நம்பினால் வண்டி இரண்டு பக்கமும் ஆடும். அதனால் ஆணியைச் சுற்றி ஓர் இரும்பு வளையத்தைப் படுக்கை வாட்டில் வைத்தார்கள். பாரம் வளையத்தின்மேல் பரவும், அச்சு அதன்கீழ் திரும்பும். நிற்கிற சக்கரம் நான்கு, படுத்திருக்கிற இது ஐந்தாவது. பெயருக்குக் காரணம் அவ்வளவுதான்.

குதிரை போய் மோட்டார் வந்தபோது, பட்டறைகள் மாறின, பட்டறைச் சொல் மாறவில்லை. 1914இல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் ஒரு மர வியாபாரி வந்து, தன் ஃபோர்டு காரில் படகை இழுத்துப் போக ஒரு வண்டி செய்து தரச் சொன்னார். முன்பக்கம் காரின்மேல் சாய்ந்து, பின்பக்கம் மட்டும் தன் சக்கரத்தில் ஓடும் ஒன்றை அவர் செய்தார். 'செமி ட்ரெய்லர்' என்ற பெயர் அங்கிருந்து பரவியது. பாரத்தில் ஒரு பங்கை முன்வண்டிமேல் ஏற்றும் இந்த ஏற்பாட்டுக்கு, ஏற்கெனவே சுழலவும் சுமக்கவும் தெரிந்த அந்தப் படுக்கை வளையம் பொருத்தமாக வந்து உட்கார்ந்தது. வளையம் தட்டானது. பெயர் மட்டும் சக்கரமாகவே நின்றுவிட்டது.

நிஜமாகவே ஒரு சக்கரத்தைப் படுக்கவைத்து இழுத்தவரும் உண்டு. விமானம் கட்டுவதில் புகழ்பெற்ற கிளென் கர்ட்டிஸ், 1920களின் இறுதியில் ஃப்ளோரிடாவில் 'ஏரோகார்' என்ற பயண ட்ரெய்லரைச் செய்தார். காரின் பின்பகுதிக்குள் ஒரு காற்று டயரைப் படுக்கவைத்து, அதன் நடுத்துளையில் ட்ரெய்லரின் முளையை இறக்கினார். குலுக்கலை டயர் வாங்கிக்கொண்டது. அந்த வண்டிக்கு மட்டும் 'ஃபிப்த் வீல்' என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை.

சரி, தமிழுக்கு வருவோம்.

ஜெர்மானியர் இதை எண்ணிக்கையால் அழைக்கவில்லை, வேலையால் அழைத்தார்கள். அவர்கள் சொல்லின் பொருள் 'சேண இணைப்பு'. ட்ரெய்லர் முன்வண்டியின் முதுகில் ஏறி உட்காருகிறது, ஆகவே சேணம். பிரெஞ்சிலும் 'சிறு சேணம்' என்றே சொல்கிறார்கள். நாமும் 'சேணம்' என்று வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் சேணத்தில் பாரம் இருக்கிறது, பூட்டு இல்லை. அதோடு, நம் வண்டிச் சொற்களெல்லாம் குதிரையைவிட மாட்டோடுதான் அதிகம் பழகியவை. நம்மிடம் 'பூட்டு' இருக்கிறது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், மாட்டைப் பூட்டுகிறோம். ஆங்கிலத்தில் 'ஹிட்ச்' செய்கிற வேலை முழுவதையும் இந்த ஒரு வினை செய்துவிடுகிறது. சாவி போடும் பூட்டு என்ற பொருளும் கூடவே ஒலிப்பது இங்கே குறை இல்லை. தட்டுக்குள் இருக்கும் தாடைகள் முளையைக் கவ்விப் பூட்டத்தான் செய்கின்றன.

ஆகவே என் தேர்வு 'பூட்டுத்தட்டு'. சுழற்சியையும் சொல்ல வேண்டிய இடத்தில் 'சுழல் பூட்டுத்தட்டு'. ட்ரெய்லரையும் சேர்த்துச் சொல்லும்போது 'பூட்டுத்தட்டு ட்ரெய்லர்'. ட்ரெய்லர் என்ற சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. இலங்கையில் உழவு இயந்திரத்தின் பின்னால் வருவதைப் 'பெட்டி' என்று அழகாகச் சுருக்கிவிட்டார்கள், ஆனால் வீடு போன்ற இந்த ட்ரெய்லருக்கு அது பொருந்தாது.

உறுப்புகளுக்கும் சொல் தேட அதிக தூரம் போக வேண்டாம். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையான எஃகு ஆணிக்கு ஆங்கிலத்தில் கிங்பின் என்று பெயர். இது 'முளை'. திரிகையை எண்ணிக்கொள்ளுங்கள்: அடிக்கல்லின் நடுவில் முளை, அதைச் சுற்றி மேல்கல். பூட்டுத்தட்டு ஒரு தலைகீழ்த் திரிகை. முளை மேலே ட்ரெய்லரில் இருக்கிறது, குழி கீழே தட்டில் இருக்கிறது. பிக்கப்பால் இழுக்கும் ட்ரெய்லர்களில் முளையின் குறுக்களவு 2 அங்குலம். முளையைக் கவ்வும் தாடைக்குப் 'பூட்டுவாய்' என்ற சொல் தயாராக இருக்கிறது. அட்டிகை, சங்கிலியின் கொக்கி சேரும் இடத்துக்கு நாம் சொல்லிவந்த பெயர்தான் அது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'முன்பாரம்'. மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கும்போது பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகம் மேலே தூக்கும், அது பின்பாரம். வண்டிக்காரர் சும்மா ஒரு தடவை நுகத்தைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில் 'பின் வெயிட்' என்று எழுதிப் பக்கம் பக்கமாக விளக்குவது இதைத்தான்: ட்ரெய்லரின் எடையில் எவ்வளவு முளை வழியாகப் பிக்கப்பின்மேல் இறங்குகிறது என்பது. பம்பருக்குப் பின்னால் உருண்டையில் மாட்டி இழுக்கும் சாதாரண ட்ரெய்லரில் முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு. பூட்டுத்தட்டு வகையில் 15 முதல் 25 வரை போகும், கணக்குக்கு 20 என்று வைத்துக்கொள்வார்கள். இந்தப் பாரம் பின் அச்சுக்கு நேர்மேலோ சற்று முன்னாலோ இறங்குவதால்தான் இவ்வகை ட்ரெய்லர் காற்றிலும் வாலாட்டாமல் வருகிறது.

எடை குறைந்த 'இலகு' பூட்டுத்தட்டுகளும் விற்கிறார்கள். அவற்றை வாங்கலாமா என்ற கேள்வியும் இந்த ஒரு சொல்லில்தான் முடிச்சுப் போட்டிருக்கிறது. ஒரு கணக்கு பார்ப்போம். ட்ரெய்லர் 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ. முன்பாரம் 2,000 பவுண்டு. பிக்கப் சுமக்கக்கூடியது 3,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் விளம்பரத்தில் இருக்காது, ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் வில்லையில் இருக்கும். அந்த வண்டிக்கு என்று எழுதிய எண் அதுதான். வழக்கமான எஃகுப் பூட்டுத்தட்டு, அதைத் தொட்டியின் தரையில் பொருத்தும் தண்டவாளச் சட்டங்களோடு சேர்த்து 180 பவுண்டு. நான்கு பேர் 600. கூட்டினால் 2,780, மிச்சம் 220. அதே இடத்தில் 40 பவுண்டு அலுமினியப் பூட்டுத்தட்டு இருந்தால் மிச்சம் 360. லாபம் 140 பவுண்டு, ஒரு ஜெனரேட்டரும் கொஞ்சம் விறகும் வைக்கலாம்.

லாபம்தான், ஆனால் அதற்குமேல் ஒன்றும் இல்லை. தாங்கும் எண் 1,600 பவுண்டு உள்ள சிறிய பிக்கப்பில் 2,000 பவுண்டு முன்பாரத்தை எந்த அலுமினியமும் குறைத்துவிடாது. 'இலகு' என்ற சொல்லைப் பார்த்துச் சின்ன வண்டிக்குப் பெரிய ட்ரெய்லர் பூட்டலாம் என்று நினைப்பவர்கள் பூட்டின் எடையைப் பார்க்கிறார்கள், பூட்டப்படுவதன் எடையை மறந்துவிடுகிறார்கள். இலகு பூட்டுத்தட்டின் உண்மையான பயன் வேறு. பயணம் முடிந்ததும் ஒரே ஆள் கழற்றித் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தொட்டியில் மரமோ மண்ணோ ஏற்றப் போகலாம். எஃகு வகையைத் தூக்க இரண்டு பேரும் அதன்பின் இடுப்புக்குத் தைலமும் வேண்டும்.

எடை எப்படிக் குறைகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஐடஹோ மாநிலத்து ஆண்டர்சன் நிறுவனத்தின் அலுமினிய வகையில் தட்டும் இல்லை, தாடையும் இல்லை. ட்ரெய்லரின் முளைமேல் ஒரு கவ்வியை மாட்டி இறுக்கிவிடுகிறார்கள். தொட்டியில் கூம்பு போன்ற சட்டத்தின் உச்சியில் ஓர் உருண்டை. கவ்வி உருண்டைமேல் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. அதாவது சொல்லின்படி பார்த்தால் இதில் 'வீல்' என்று சொல்ல மிச்சம் எதுவுமே இல்லை, ஆனாலும் விற்பது ஃபிப்த் வீல் இணைப்பு என்றுதான். முளையில் கூடுதல் உறுப்பு மாட்டும்போது ட்ரெய்லர் செய்தவரின் உத்தரவாதத் தாளை ஒருமுறை படிப்பது நல்லது. முளையைக் கீழே நீட்டிவிடும் நீளமான மாற்றிகள் நெம்புகோல் போல ட்ரெய்லரின் அடிச்சட்டத்தை முறுக்கும். அவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சில அடிச்சட்டத் தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

தொட்டியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 8 அடித் தொட்டியில் கவலை குறைவு. ஆறரை அடியோ அதற்குக் குறைவோ என்றால், கூர்மையாகத் திரும்பும்போது ட்ரெய்லரின் முன்மூலை ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியில் வந்து முட்டலாம். அதற்காகப் பின்னுக்கு நகரும் பூட்டுத்தட்டு செய்கிறார்கள். நகரும் பொறி சேர்ந்தால் எடையும் சேரும், இலகு என்ற பேச்சு அங்கே போய்விடும். தொட்டி விளிம்புக்கும் ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் நடுவில் குறைந்தது அரையடி இடைவெளி விடுவதும் வழக்கம். மேடு ஏறும்போது அது தேவைப்படும்.

பூட்டுகிற வேலையில் ஓர் இடம்தான் ஆபத்தானது, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தட்டும் தாடையும் உள்ள வகையில், பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது ட்ரெய்லரின் அடித்தகடு பூட்டுத்தட்டைவிட ஒரு விரற்கடை தாழ்வாக இருக்க வேண்டும். அப்போது தட்டின் சாய்ந்த விளிம்பு அடித்தகட்டைத் தொட்டு, மெல்லத் தூக்கி, முளையைச் சரியான உயரத்தில் வாய்க்குள் கொண்டுவரும். ட்ரெய்லர் உயரமாக இருந்தால் முளையின் நுனி தாடைமேல் வெறுமனே உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்குப் பூட்டிவிட்டதுபோலவே இருக்கும். வண்டி நகர்ந்ததும் முளை நழுவும், ட்ரெய்லரின் மூக்கு தொட்டியின் பக்கச் சுவர்கள்மேல் விழும். ஆகவே டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள்: தாடை முளையின் இடுப்பைச் சுற்றிக் கவ்வியிருக்க வேண்டும், அடித்தகட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. கைப்பிடியில் காப்பு ஆணியைச் செருகுங்கள். அப்புறம் மின்கம்பியையும் ட்ரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் கம்பியையும் மாட்டி, ட்ரெய்லரின் முன்கால்கள் தரையில் இருக்கும்போதே அதன் பிரேக்கை மட்டும் ஓட்டுநர் அறையில் உள்ள கைவிசையால் அழுத்திப் பிடித்து, பிக்கப்பை முன்னால் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் பிடித்தால் பூட்டியிருக்கிறது. கால்களைத் தூக்குவது அதற்குப் பிறகுதான்.

தட்டுமேல் கிரீஸ் பூசுவது பழைய முறை. இப்போது வட்டமான வழுக்கு வில்லை ஒன்றை முளையில் மாட்டிவிடுகிறார்கள், சட்டை அழுக்காகாது.

இன்னும் இரண்டு இடங்களில் இதே ஆங்கிலச் சொல் வரும், இரண்டுக்கும் பூட்டுத்தட்டு பொருந்தாது. கூட்டத்தில் வேண்டாத ஆளாக நிற்பவரை 'ஃபிப்த் வீல்' என்பார்கள். அதற்கு நம்மிடம் 'ஒட்டாத ஆள்' என்பது முதல் 'கரடி' வரை இடத்துக்கேற்பச் சொற்கள் உண்டு. மற்றொன்று வாகனச் சோதனைக் களம். ஜிபிஎஸ் வருமுன், காரின் உண்மையான வேகத்தையும் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் அளக்க, சைக்கிள் சக்கரம் போன்ற ஒன்றைக் காரின் பின்னால் தனியாக மாட்டி ஓட்டுவார்கள். அது தரையில் உருளும், சுற்றுகளை எண்ணும். அந்தக் கருவியைப் பற்றி எழுதும்போது 'ஐந்தாம் சக்கரம்' என்றே தாராளமாக எழுதலாம்.