"புது பேட்டரிதான் டாக்டர், லீக் ஆகல": கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங் தைப்பவர்களுக்கு

நவம்பர் பாதி தாண்டியதும் இங்கிலாந்தில் இருக்கும் நம் தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. சிவப்பு ஃபெல்ட் துணி எங்கே மலிவு, வெள்ளை ஃபர் பட்டை எத்தனை மீட்டர் வேண்டும், பெயரை மெஷினில் போடுவதா கையால் போடுவதா. கிறிஸ்தவக் குடும்பம், இந்துக் குடும்பம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ஃபாதர் கிறிஸ்துமஸ் (கிறிஸ்துமஸ் தாத்தா) என்ன வைத்துவிட்டுப் போனார் என்று பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் பேசும்போது நம் பிள்ளை மட்டும் முழித்துக்கொண்டு நிற்க முடியாதே. அதனால் டிசம்பர் 24 இரவு நம் வீட்டுக் கட்டில் கால்மாட்டிலும் ஒரு ஸ்டாக்கிங், அதாவது பரிசு போடுவதற்கான காலுறை வடிவப் பை, தொங்குகிறது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் பாட்டிக்குத் தையல் தெரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம், தாத்தாவுக்கும் மருமகனுக்கும் சேர்த்தே தைத்துவிடுவார்.

தைக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் தொங்குவதும் கையால் தைத்ததுதான். ஆனால் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் இந்த வருடம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஸ்டாக்கிங்கில் விளக்கு வைக்கும் ஆசை நம் ஆட்களையும் பிடித்துக்கொண்டது. எல்இடி நூல் விளக்கில் பிள்ளையின் பெயர், கலைமானின் மூக்கில் மினுக்கும் சிவப்பு, பாதத்தை அமுக்கினால் பாட்டு. அந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் துணிக்குள் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் காசு போல வட்டமான ஒரு பட்டன் பேட்டரி.

அண்மையில் வந்தது ஒன்றரை வயதுக் குழந்தை (குடும்பம் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இரண்டு நாளாக இட்லி, சோறு எதையும் விழுங்கவில்லை, பால் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. வாயில் எச்சில் வழிகிறது, இருமல் இருக்கிறது. "பல்லு வருது, அதான்" என்றார் பாட்டி. "நாலு பிள்ளை வளர்த்தவ நான், எனக்குத் தெரியாதா?" என்றும் சொன்னார். பல் வரும் குழந்தைக்கும் எச்சில் வழியும் என்பது உண்மைதான். குளிர்காலத்தில் இருமாத குழந்தை இந்த நாட்டில் கிடையாது என்பதும் உண்மை. எக்ஸ்ரே எடுத்தோம். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கம், வட்டமாக வெள்ளையாக ஒன்று. "காசு" என்றார் அப்பா, கொஞ்சம் நிம்மதியோடு.

காசு இல்லை, பட்டன் பேட்டரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஒருபுறம் சின்னப் படிக்கட்டு மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் பார்த்தால் எங்கள் பிரிவில் நடப்பது நின்று ஓட்டம் ஆரம்பிக்கும். இங்கத்திய 1 பென்னி காசின் குறுக்களவு 20.3 மில்லிமீட்டர், சிஆர் 2032 என்ற வகைப் பட்டன் பேட்டரியின் குறுக்களவு 20. வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. (பயிற்சி மருத்துவர்கள் யாராவது படித்தால்: "காசு" என்று குறிப்பெழுதும் முன் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடு இரவானாலும் பாருங்கள்.)

மயக்க மருத்துவரும் அறுவை சிகிச்சைக் குழுவும் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் பாட்டிக்கு ஸ்டாக்கிங் ஞாபகம் வந்தது. உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் பெட்டியை வைத்துத் தைத்திருக்கிறார். பேட்டரி மாற்ற வசதியாக இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி விட்டிருக்கிறார். பெட்டி மூடிக்கு ஸ்க்ரூ இல்லை, நகத்தால் தள்ளினால் வழுக்கித் திறக்கும் வகை. இரண்டு விரல் நுழையும் ஓட்டையைக் கண்டால் ஒன்றரை வயதுக் குழந்தை வேறு என்ன செய்யும்? அப்போது அப்பா சொன்ன வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

இதை எத்தனை பேர் வாயால் கேட்டாலும் எனக்குப் பழகவில்லை. பேட்டரி உடைந்து உள்ளே இருக்கும் ரசாயனம் கசிந்தால்தான் ஆபத்து, கசியவில்லையென்றால் அது வெறும் இரும்புத் துண்டு, வாழைப்பழம் கொடுத்தால் மறுநாள் மலத்தோடு போய்விடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். பொறியாளர்கள் நம்புகிறார்கள்! ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். கசிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உள்ளே இருப்பது வெளியே வரவே வேண்டாம். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிய நொடியில், இருபக்கமும் ஈரமான சதை ஒட்டுகிறது. எச்சில் கம்பி போல வேலை செய்து மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. அந்த ஓட்டம் எச்சிலில் இருக்கும் தண்ணீரையே பிரிக்கிறது. பேட்டரியின் எதிர்முனை (மைனஸ் பக்கம்) தொடும் இடத்தில் காரம் உண்டாகிறது, அடைத்த சிங்க்கில் ஊற்றும் காஸ்டிக் சோடா வகைக் காரம். பேட்டரிக்குள்ளிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை, குழந்தையின் எச்சிலிலிருந்தே அது உருவாகிறது. இரண்டு மணி நேரம் போதும் கடுமையான புண் ஆவதற்கு.

அதனால் "புதுசு" என்பது எனக்கு ஆறுதல் தரும் சொல் இல்லை. புதுசுதான் மோசம்.

பழசானால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். கேட்கிறார்கள். "லைட்டே எரியல, அது செத்த பேட்டரி" என்கிறார்கள். வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே விளக்கு மங்கி அணைந்துவிடும். தண்ணீரைப் பிரிக்க அதில் பாதிகூட வேண்டாம். உங்கள் விளக்குக்குத்தான் அது செத்த பேட்டரி, குழந்தையின் தொண்டைக்கு உயிரோடுதான் இருக்கிறது. கழற்றிய பழைய பேட்டரியைத் தையல் டப்பாவில் பித்தான்களோடு போட்டு வைப்பவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

வெளியே எடுத்துவிட்டால் முடிந்துவிடும் என்ற எண்ணமும் சரியில்லை. எடுத்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போகலாம். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழலாம். பெரிய ரத்தக்குழாய் அரிக்கப்பட்டு, சில வாரம் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் ரத்த வாந்தி வரலாம். அமெரிக்காவில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இப்படி 2020 டிசம்பரில் இறந்தது. ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரி அது. அதன் தாயார் விடாமல் போராடியதில் 2022-ல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது.

சட்டம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே கடையில் விற்கும் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் போன்ற கருவி இல்லாமல் மூடி எளிதில் திறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் பொம்மைகளுக்கான அந்தச் சட்டத்தில் விழா அலங்காரப் பொருள்கள் சேராது. நீங்கள் ஆன்லைனில் வாங்கும் மலிவு விளக்குச் சரமும் பொம்மை இல்லை. அதைக் குழந்தை கைவிட்டுத் துழாவும் ஒரு பைக்குள் வைத்துத் தைத்துப் பொம்மையாக்குவது நாம்தான்.

விழுங்கியது தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ: உடனே 999 அவசர எண், அல்லது நேரே அவசரப் பிரிவு. குடும்ப மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை, தண்ணீர் எதுவும் வேண்டாம். விளக்குப் பெட்டியையோ பேட்டரி அட்டையையோ கையோடு கொண்டுவாருங்கள், எண்ணைப் பார்த்தால் எங்களுக்கு அளவு தெரிந்துவிடும். வந்ததும் வரிசையில் உட்கார்ந்துவிடாமல் "பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்று முதல் ஆளிடமே சத்தமாகச் சொல்லுங்கள். நம்மவர்களின் அடக்கம் இந்த ஒரு இடத்தில் வேண்டாம்.

தேன் பற்றிய வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அது முழுப்பொய் இல்லை. 1 வயதுக்கு மேற்பட்ட குழந்தை 12 மணி நேரத்துக்குள் விழுங்கியிருந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன், 6 முறை வரை கொடுக்கலாம் என்று அமெரிக்க விஷ ஆலோசனை மையத்தின் வழிகாட்டல் சொல்கிறது. இங்கே பொதுமக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை, எதையும் வாய்வழி கொடுக்காதே என்பது. ஆகவே 999-ல் பேசுபவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள். தேன் வாங்கக் கடைக்கு ஓடுவது, தேனால் காரம் முறிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவது, இரண்டும் வேண்டாம். 1 வயதுக்குக் கீழே தேனே கூடாது.

மூக்கில் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். ஒரு நாசியில் மட்டும் சளி வந்தால் உள்ளே எதையோ போட்டிருக்கிறது என்று எங்களுக்குச் சந்தேகம் வரும், உங்களுக்கும் வரட்டும்.

இனி தையல். விளக்கு இல்லாமல் ஸ்டாக்கிங் அழகாக வராது என்பவர்களுக்கு: பெயரைச் சங்கிலித் தையலில் போடுங்கள், தடித்த எம்பிராய்டரி நூலில், ஆறு இழையும் சேர்த்து. கலைமானின் கண்ணுக்குக் கறுப்பு நூலில் முடிச்சுத் தையல் போதும், ஆடும் பிளாஸ்டிக் கண்ணைப் பசைபோட்டு ஒட்ட வேண்டாம். பசை காய்ந்தால் அது உதிரும், உதிர்ந்தது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. மூக்குக்குச் சிவப்பு ஃபெல்ட் வட்டத்தை வெட்டி விளிம்பு முழுக்கத் தைத்துவிடுங்கள். பித்தான், சலங்கை மணி, பாம்பாம் (நூல் பந்து), சம்கி எல்லாம் பெரியவர்களின் ஸ்டாக்கிங்கில் இருக்கட்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையுடையதில் நூலைத் தவிர வேறு அலங்காரம் வேண்டாம் என்பது என் கட்சி. ஸ்டாக்கிங்கின் வாய்ப்பகுதியை மூடக் குட்டிக் காந்தம் தைக்கிறார்களாம் இப்போது. இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். வேண்டவே வேண்டாம்.

குண்டூசிக்கு ஒரு வழி இருக்கிறது. ஃபர் பட்டையும் உள்துணியும் வைத்துத் தைக்கும்போது குண்டூசி துணிக்குள் மறைந்துவிடும், திருப்பிப் போட்டதும் இரண்டு துணிக்கும் நடுவில் தங்கிவிடும். ஆரம்பிக்கும் முன் ஊசிகளை எண்ணுங்கள், உள்துணியின் இடைவெளியை மூடும் முன் மறுபடி எண்ணுங்கள். அறுவை அரங்கில் ஊசியும் பஞ்சும் எண்ணாமல் யாரையும் தைத்து மூட மாட்டோம், நீங்களும் அதே வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். கணக்கு உதைத்தால் தையல் டப்பாக் காந்தத்தைத் துணிமேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் கிளிப் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தொங்கவிடும் வளையம் குழந்தையின் தலை நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். அழகுக்கு நீளமாக ரிப்பன் விட்டு அதைத் தொட்டில் கம்பியில் கட்டாதீர்கள். தொட்டிலில் படுக்கும் பிள்ளையின் ஸ்டாக்கிங் அறைக்கு வெளியே கதவில் தொங்கட்டும், ஃபாதர் கிறிஸ்துமஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். குளிர்காயும் நெருப்பிடத்தின் (ஃபயர்பிளேஸ்) மேல்பலகையில் தொங்கவிடுபவர்கள் நெருப்பு மூட்டும் முன் கழற்றிவிடுங்கள். கடையில் கிடைக்கும் ஃபெல்ட் பெரும்பாலும் அக்ரிலிக், அது உருகிச் சொட்டும்.

உள்ளே வைப்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். நுனியில் சாட்சுமா ஆரஞ்சு வைப்பது இங்கத்தியப் பழைய வழக்கம், தாராளமாக வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழு நட்ஸ் கூடாது, திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். சாவிக்கொத்து டார்ச், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுங்கும் எல்இடி மெழுகுவர்த்தி: எல்லாவற்றிலும் இருப்பது அதே பேட்டரிதான். வீட்டில் விளக்கு வேண்டுமென்றால் டபுள்-ஏ பேட்டரி போடும், ஸ்க்ரூ மூடி உள்ள சரத்தை வாங்கிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

போன வருடம் தைத்தது பரணில் இருக்கிறதா? பாட்டியைத் திட்ட வேண்டாம், அவர் ஆசையாகச் செய்தது அது. இன்று இரவே இறக்கி, தையலைப் பிரித்துப் பெட்டியை எடுங்கள். பேட்டரியின் இருபக்கமும் டேப் சுற்றி, சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பழைய பேட்டரிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், ஒன்றரை வயதுக்காரர்கள் முதலில் கைவிட்டுப் பார்க்கும் இடமே அதுதான்.