பார்சல் தாமதமானால் யார் பொறுப்பு? ஆன்லைனில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விதி சொல்வது

வளைகாப்புக்குக் கட்ட ஒரு சேலை ஆர்டர் போடுகிறோம். '5 நாளில் கிடைக்கும்' என்று இருக்கிறது. பத்தாம் நாள் தபால்காரர் கொண்டுவந்து தருகிறார். சேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வளைகாப்பு எட்டாம் நாளே முடிந்துவிட்டது. விற்றவரைக் கேட்டால், "நான் அன்னிக்கே போட்டுட்டேன் மேடம், போஸ்ட் ஆபீஸ்லதான் லேட்" என்கிறார். அஞ்சலகத்தில் கேட்டால், "அனுப்பினவங்கதான் கம்ப்ளைன்ட் பண்ணணும்" என்கிறார்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாமல், வந்த கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டு விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடத் தேவையில்லை. இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. வாங்குபவர்களில் பலருக்கும், வீட்டிலிருந்து விற்பவர்களில் அநேகம் பேருக்கும் அது தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், 2020 ஜூலை 23 அன்று மத்திய அரசு மின்வணிக விதிகளை அறிவித்தது. அதில் 6-ஆம் விதி, பெரிய ஆன்லைன் சந்தைகளில் கடை போட்டிருக்கும் விற்பனையாளர்களுக்கானது. பொருள் பழுதாக இருந்தாலும், போலியாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலும், திரும்ப எடுக்க மாட்டேன் என்றோ பணம் தர மாட்டேன் என்றோ விற்பவர் சொல்லக்கூடாது என்கிறது இதன் 3-ஆம் உட்பிரிவு. இதுவரை பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதே வாக்கியத்தின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது: தெரிவித்த விநியோக நாளைத் தாண்டி வந்தாலும் அப்படித்தான். அதாவது பொருளில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், சொன்ன தேதிக்குப் பிறகு வந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். சொந்தமாக வெப்சைட் வைத்துத் தானே சரக்கு வைத்து விற்பவர்களுக்கும் இதே கடமை 7-ஆம் விதியில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை நாளுக்குள் கொடுத்தே ஆகவேண்டும் என்று விதியில் எங்குமே எண் கிடையாது. 3 நாளா, 10 நாளா, 20 நாளா என்பதை முடிவு செய்வது விற்பவர்தான். அவர் எழுதிய தேதியே அவரைக் கட்டும். 20 நாள் என்று சொல்லி 18-ஆம் நாள் கொடுத்தவர் விதியை மீறவில்லை. 3 நாள் என்று சொல்லி 6-ஆம் நாள் கொடுத்தவர், கேட்டால் பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. மெதுவாக வருவது விதிப்படி தவறே இல்லை, சொன்னதற்குப் பிந்தி வருவதுதான் தவறு. வாங்குபவரும் விற்பவரும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதிச் சண்டை வராது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மனித சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதம் என்றால் இந்த உட்பிரிவு பொருந்தாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றுபோய்ப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த வாரம் ஏரலுக்குப் போகவேண்டிய பார்சல் தாமதமானதற்கு விற்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 'தீபாவளிக் கூட்டம் சார்', 'ஸ்டாக் வர லேட் ஆயிடுச்சு', 'பேக்கிங் பண்ற பையன் ஊருக்குப் போயிட்டான்' என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது என்பது என் கருத்து. தீபாவளி எந்த மாதம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் தேதி சொல்லவேண்டும்.

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பவர்களுக்கு இது பொருந்துமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எப்போதாவது வீட்டில் கிடக்கும் பழைய மிக்ஸியை ஒருவர் போட்டோ போட்டு விற்றால் அவருக்கு இந்த விதிகள் இல்லை. தொழிலாகவோ வியாபாரமாகவோ இல்லாமல் தனிமனிதர் செய்வதை விதியே விலக்கி வைத்திருக்கிறது. வாரா வாரம் புது டிசைன் இறக்கி, ஜிபேயில் பணம் வாங்கி அனுப்புகிறவர் அப்படி இல்லை. அவர் வணிகர். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைனில் வாங்குபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது, கடையின் அளவை அது பார்ப்பதில்லை.

அஞ்சலகத்தின் பொறுப்பு எவ்வளவு?

இது கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டிய இடம். ஏனென்றால் சிறு விற்பனையாளர்கள் நம்பியிருப்பது அஞ்சலகத்தைத்தான். கூரியர் போகாத கிராமத்துக்கும் தபால்காரர் போகிறார், கட்டணமும் கட்டுப்படியாகிறது. முன்பு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிப் பழகியவர்கள் இப்போது ஸ்பீட் போஸ்டுக்கு வந்துவிட்டார்கள். ரிஜிஸ்டர் தபால் இப்போது தனிச் சேவையாக இல்லை, 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது.

ஒரு பார்சலை மாலையில் புக் செய்தால் அது பையில் ஏறி, பிரிப்பு மையத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு மையத்துக்கு ரயிலிலோ லாரியிலோ போய், அப்புறம் துணை அஞ்சலகம், அதற்கப்புறம் கிளை அஞ்சலகம் என்று இறங்கிவர வேண்டும். நகரத்து முகவரிக்கும் மலைக்கிராமத்து முகவரிக்கும் இடையில் ஓரிரு நாள் கூடுவது இயல்பு. நடுவில் ஞாயிறோ அரசு விடுமுறையோ வந்தால் இன்னும் ஒரு நாள்.

தாமதமானால் அஞ்சல் துறையிடம் நஷ்டஈடு கேட்கலாமா? 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டம் 2023, பிரிவு 10-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: தொலைந்தாலும், ஆள் மாறிக் கொடுத்தாலும், தாமதமானாலும், சேதமானாலும், விதிகளில் வகுத்த அளவுக்கு மேல் அஞ்சலகத்துக்குப் பொறுப்பில்லை. 1898-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் நிலைமை ஏறத்தாழ இதேதான். உள்நாட்டு ஸ்பீட் போஸ்டுக்கு அந்தத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு இது. குறித்த காலத்தைத் தாண்டினால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். தொலைந்தாலோ உள்ளே இருந்தது சேதமானாலோ கட்டணத்தைப் போல இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 80 ரூபாய் கட்டி அனுப்பிய 4,000 ரூபாய்ச் சேலை தொலைந்துபோனால் வருவது 160 ரூபாய். விலை உயர்ந்த பொருள் அனுப்புகிறவர்கள் கூடுதல் கட்டணம் கட்டி இன்சூர் செய்வது ஏன் அவசியம் என்று இதிலிருந்தே புரியும்.

வாங்கியவர் அஞ்சலகத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. அவர் பணம் கொடுத்தது விற்பவருக்கு. எந்த வழியில் அனுப்புவது என்று தேர்ந்தெடுத்ததும், கவுன்டரில் பணம் கட்டி ரசீது வாங்கியதும் விற்பவர். ஆகவே 'அனுப்பிவிட்டேன், இனி நீங்கள் தபாலைக் கேளுங்கள்' என்ற பதில் செல்லாது. அஞ்சலகத்தில் புகார் கொடுத்து, வரவேண்டியதை வாங்கிக்கொள்வது விற்பவர் வேலை. வாங்கியவருக்குப் பதில் சொல்லவேண்டியதும் அவரே. 1800 266 6868 என்ற இலவச எண்ணில் அஞ்சல் துறையிடம் புகார் செய்யலாம். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இன்னும் இரண்டு எழுத்து என்று ரசீதில் இருக்கும் 13 இட எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவரும் ஒன்றைப் பார்க்கவேண்டும். பின்கோடைத் தவறாகக் கொடுத்துவிட்டோ, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டோ தாமதம் என்று சொல்வது நியாயமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டிலிருந்தபடி சுங்குடிச் சேலை விற்கிறார். எல்லோரும் போடுகிறார்களே என்று அவரும் '2-3 நாளில் டெலிவரி' என்று போட்டிருந்தார். மதுரைக்கும் திருச்சிக்கும் அது சரியாக இருந்தது. அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்ததும் கதை மாறிவிட்டது. சேலையைப் பற்றி ஒரு குறை கிடையாது, ஆனால் 'லேட்', 'லேட்' என்றே ஸ்டார் குறைந்துகொண்டு வந்தது. அவர் ஒரு நாள் உட்கார்ந்து பழைய ரசீதுகளின் டிராக்கிங்கை எல்லாம் எடுத்துப் பார்த்து, 'பேக் செய்து அனுப்ப 2 வேலை நாள். தமிழ்நாட்டுக்குள் 3 முதல் 5 நாள். வெளிமாநிலம் 7 முதல் 12 நாள்' என்று மாற்றி எழுதினார். ஆர்டர் குறைந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் செய்தார், குறையவில்லை. 12 நாள் என்று தெரிந்தே வாங்குகிறவர் 9-ஆம் நாள் பார்சலைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். விற்பவர்கள் இப்படி எழுதுவது வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல. விநியோகம் பற்றிய விவரத்தையும், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்று 6-ஆம் விதியே சொல்கிறது.

ஸ்டாரும் விமர்சனமும்

விற்பவருக்கு மற்றவர்கள் கொடுத்த மதிப்பீடு இருந்தால், அதன் மொத்தக் கணக்கை வாங்குபவர் பார்க்கும்படி ஆன்லைன் சந்தை காட்டவேண்டும் (விதி 5). அந்த மதிப்பீட்டைக் கெடுப்பவர்களுக்கும் விதி உண்டு. வாங்கியவர் போல வேடமிட்டு விற்பவரே விமர்சனம் எழுதக்கூடாது. சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுப் பையன் என்று ஆளுக்கொரு ஐந்து ஸ்டார் போடச் சொல்வதும் இதன் நோக்கத்துக்கு எதிரானதுதான். சில பார்சல்களுக்குள் '5 ஸ்டார் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் 50 ரூபாய்' என்று ஒரு சீட்டு இருக்கும். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். அந்த ஸ்டாரை நம்பி அடுத்து வாங்கப்போவது நம்மைப்போல ஒருவர்தான்.

விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. கட்டாயமில்லாமல், விரும்பி ஏற்கும் தரமாகத்தான் அது வெளியானது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று மின்னஞ்சல், குறுஞ்செய்தி போன்ற வழிகளில் சரிபார்க்கவேண்டும், எழுதியதை நிறுவனம் திருத்தக்கூடாது, காசு கொடுத்து வாங்கிய விமர்சனம் கூடாது என்பவை அதன் சாரம்.

எழுதுகிற நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். 'வொர்ஸ்ட்' என்று ஒற்றைச் சொல்லை எழுதினால் யாருக்கும் பயனில்லை. பொருளுக்கு ஒரு மதிப்பீடு, அனுப்பிய விதத்துக்கு ஒரு மதிப்பீடு என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். 'சொன்னது 12-ஆம் தேதி, வந்தது 17-ஆம் தேதி. சேலை படத்தில் இருந்தபடியே இருந்தது' என்று இரண்டே வரி போதும். டிராக்கிங்கைப் பார்த்தால் விற்பவர் என்றைக்கு புக் செய்தார் என்பது தெரியும். சொன்ன தேதிக்குள் வந்த பொருளுக்கு 'மெதுவாக வந்தது' என்று ஸ்டார் குறைக்காதீர்கள். கைத்தொழில் செய்து பிழைக்கும் ஒருவருக்கு அந்த ஒரு ஸ்டார் ஒரு மாத ஆர்டரையே பாதிக்கலாம். அதேபோல, ஸ்டார் குறைவாகப் போட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்றும் இருக்காதீர்கள். அது விமர்சனம்தான், புகார் அல்ல. பணம் திரும்ப வேண்டும் என்றால் புகாரைத் தனியாகத்தான் கொடுக்கவேண்டும்.

புகார் செய்யும் வழி

ஆர்டர் போடும்போதே விநியோகத் தேதி தெரியும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். தாமதமானதும் ஆப்பில் அந்தத் தேதி தானாகவே தள்ளிப்போய்விடும், பழைய தேதியைக் காட்ட வேறு சான்று இருக்காது. பொருள் தாமதமாக வந்து, உங்களுக்கு வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிடுங்கள். உடுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் தாமதம் என்று கேட்டால் உங்கள் பக்கம் வலுவிழந்துவிடும்.

ஒவ்வொரு ஆன்லைன் சந்தையும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்கவேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் 'கிடைத்தது' என்று பதில் வரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வரவேண்டும். புகார் எண் தருவதும் கட்டாயம். அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். சாட்டில் வரும் தானியங்கிப் பதிலோடு நிறுத்தாமல், அலுவலருக்கே மின்னஞ்சல் அனுப்புவது நல்லது.

அங்கே சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்றலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும். 600 ரூபாய்ச் சுடிதாருக்காக யாரும் ஆணையம் வரை போவதில்லைதான். பெரும்பாலும் முதல் மின்னஞ்சலில் விதியின் எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டாலே பதிலின் தொனி மாறும்.

அந்த மின்னஞ்சலை இப்படி எழுதலாம்: "ஆர்டர் எண் இது. ஆர்டர் போட்டபோது தெரிவித்த விநியோகத் தேதி இது. பொருள் கைக்கு வந்த தேதி இது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020, விதி 6, உட்பிரிவு 3-இன்படி பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பொருள் பிரிக்காமல் இருக்கிறது. புகார் எண்ணைத் தெரிவிக்கவும்." கூடவே அந்த ஸ்க்ரீன்ஷாட், டிராக்கிங் பக்கம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் இணைத்துவிடுங்கள்.