கல்விப்புலச் சுதந்திரம்: சொல் விளக்கம்

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர் செய்தித்தாளும் கையுமாக வந்தார். அவருடைய மகள் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறாள். “பேராசிரியர்கள் கல்விச் சுதந்திரம் கேட்கிறார்களாமே தம்பி, இனிமேல் ஃபீஸ் கட்ட வேண்டாமா?” என்றார்.

அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். ‘கல்விச் சுதந்திரம்’ என்று எழுதினால், தடையில்லாமல் படிக்கும் வாய்ப்பு என்றே யாருக்கும் தோன்றும். அந்தப் பொருளுக்குத்தான் ‘கல்வி உரிமை’ இருக்கிறதே. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே அதுதான். பேராசிரியர்கள் கேட்பது வேறு. எதை ஆராய்வது, எதைக் கற்பிப்பது, கண்டறிந்ததை எப்படி வெளியிடுவது என்பதை அந்தந்தத் துறையின் அறிவே முடிவுசெய்ய வேண்டும், ஆட்சியாளரின் விருப்பு வெறுப்பு அதில் நுழையக் கூடாது என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இது ‘அகடமிக் ஃப்ரீடம்’. ஏதென்ஸுக்கு வெளியே அகாதமோஸ் என்ற தொன்ம வீரனின் பெயரைத் தாங்கிய தோப்பில் பிளேட்டோ பாடம் நடத்தினார். ‘அகாதமி’ அங்கிருந்து வந்தது. கருத்தோ 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. கற்பிப்பவரின் சுதந்திரத்தை ‘லேர்ஃப்ரைஹைட்’ என்றும், கற்பவரின் சுதந்திரத்தை ‘லெர்ன்ஃப்ரைஹைட்’ என்றும் அங்கே பிரித்துச் சொன்னார்கள். 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் வெளியிட்ட அறிக்கை, ஆய்வு, கற்பித்தல் இரண்டோடு பல்கலைக்கழகத்துக்கு வெளியே பேசுவதையும் சேர்த்துக்கொண்டது.

குழப்பம் இந்த மூன்றாவதில்தான். மூலக்கடையில் ஒரு பொதுக்கூட்ட மேடையில் ஏறிப் பேசுவது பேச்சுரிமை. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அதை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது, டீக்கடைக்காரருக்கும் பேராசிரியருக்கும் ஒன்றுபோல. வகுப்பில் சாதியின் வரலாற்றைப் பாடமாக நடத்துவது அவருடைய தொழிலைச் சேர்ந்த உரிமை. அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியராகவும் இருப்பதால், தமிழ்நாட்டின் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அவரைக் கட்சி அரசியலிலிருந்து விலக்கிவைக்கின்றன. அதே விதியைக் காட்டி வகுப்பில் சொன்ன பாடத்துக்கு விளக்கம் கேட்பது அநியாயம். அரசுப் பணியில் சேர்ந்ததால் அடிப்படை உரிமைகள் பறிபோய்விடுவதில்லை என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லிவிட்டது.

தமிழில் இதற்குக் ‘கல்விப்புலச் சுதந்திரம்’ என்பதே பொருந்தும். புலம் என்றால் வயல், அறிவு என இரண்டு பொருளும் உண்டு. புலவர், புலமை எல்லாம் அதன் வழி வந்தவை. பல்கலைக்கழகங்கள் துறைகளின் தொகுப்பைப் ‘புலம்’ என்றே அழைக்கின்றன. ‘சுதந்திரம்’ வடசொல். ‘விடுதலை’ என்று மாற்றலாமே என்பார்கள். நான் மாற்ற மாட்டேன். பழைய செங்கல்பட்டுச் சீமையின் ஊர்க் கணக்குகளில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருந்தது. ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை கொண்ட காணியாட்சிக்காரருக்கும் ஊர் ஊழியருக்கும் விளைச்சலில் சேர வேண்டிய பங்கைச் ‘சுதந்திரம்’ என்றார்கள். வெட்டியானும் தச்சரும் களத்தில் வாங்கிய நெல், செய்த வேலைக்கு உரிய பாத்தியதை. யாரும் போட்ட பிச்சை அல்ல. பேராசிரியர் கேட்பதும் தம் வேலைக்கு உரிய அந்தப் பங்கைத்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா ஒன்று கேட்டார்: “அந்தப் பங்கு என் பெண்ணுக்கும் உண்டா?”

உண்டு. ஜெர்மானியர்களின் இரண்டாவது சொல் அவளுடையது.