எண்ணெயில் கரைந்திருக்கும் துத்தநாகம் என்ன செய்கிறது?

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கொங்கு நாட்டின் கடினப் பாறையைத் துளைத்து ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கும்போது, அவற்றின் கம்பிரசரை இயக்கும் டீசல் என்ஜின் மணிக்கணக்கில் பெருஞ்சுமையோடு ஓடுகிறது. அந்த என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட், தான் சுழலும் வேகத்தினாலேயே எண்ணெயைப் பேரிங்குக்குள் இழுத்துக்கொண்டு, உலோகத்தைத் தொடாமல் எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடி சுழல்கிறது. அங்கே தேய்மானம் மிகக் குறைவு. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் மூக்கு, அந்த விசையை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டை அழுத்தும் இடத்தில்தான் சிக்கல் எழுகிறது.

அவை தொட்டுக்கொள்ளும் பரப்பு மிகக் குறுகியது. வால்வு ஸ்பிரிங்கின் விசை முழுவதும் அதன் மீது குவிவதால், எண்ணெய்ப் படலம் நசுங்கி மெலிகிறது. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் எஃகும் நுண்ணோக்கியில் மேடு பள்ளமாகவே இருக்கும். இரு பரப்புகளின் மேட்டு நுனிகள் உரசும்போது, அந்த நுனிகளில் மட்டும் கண நேரத்துக்கு வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரி உயரக்கூடும். நுனிகள் ஒன்றையொன்று பற்றிப் பிய்த்துக்கொள்ளும்.

இதைத் தடுக்கவே துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் அடங்கிய ஒரு சேர்மம், ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அளவில், என்ஜின் ஆயிலில் சேர்க்கப்படுகிறது. இசட்.டி.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது 1940-களில் புழக்கத்துக்கு வந்தபோது, எண்ணெய் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருப்பதற்காகவே சேர்க்கப்பட்டது. தேய்மானத்தைத் தடுக்கும் அதன் ஆற்றல் பிறகே தெரியவந்தது. எண்ணெயில் கரைந்திருக்கும்போது அதனிடம் பாதுகாப்புப் படலம் எதுவும் கிடையாது. உரசலின் வெப்பமும் அழுத்தமும் தாக்கும்போது மூலக்கூறு சிதைந்து, அதே இடத்தில் கண்ணாடித் தன்மையுள்ள பாஸ்பேட் படலமாக எஃகின் மீது ஒட்டிக்கொள்கிறது. அதன் தடிமன் சுமார் 100 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எஃகுக்குப் பதிலாக இந்தப் படலம் தேய்கிறது. தேயத் தேயப் புதிதாகப் படிகிறது. 2015-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் அணுவிசை நுண்ணோக்கியின் நுனியால் உரசியபடியே இந்த வளர்ச்சியைக் கவனித்து, அழுத்தமும் வெப்பமும் கூடக் கூடப் படலம் மிக வேகமாக வளர்வதைக் காட்டினர். கெடுக்க வரும் வெப்பமே காப்பையும் உண்டாக்குகிறது என்பதுதான் இந்த வேதியியலில் என்னை மிகவும் வியக்க வைப்பது.

இப்படலம் உராய்வைக் குறைப்பதில்லை, சில நிலைகளில் சற்றே கூட்டவும் செய்யும். உராய்வையும் அதனால் எழும் சூட்டையும் குறைக்க மாலிப்டினம் சேர்மங்கள் போன்ற வேறு பொருள்கள் தேவை.

நாமக்கல் லாரிப் பட்டறையில் பின் அச்சின் பற்சக்கரங்களான கிரவுனும் பினியனும் அடங்கிய கிரவுன் ஹவுசிங்கின் மூடியைக் கழற்றியவுடன் மூக்கில் ஏறும் நெடி, கியர் ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மங்களுடையது. கிரவுன், பினியன் பற்கள் பெருஞ்சுமையில் வழுக்கி உரசும்போது, கந்தகம் இரும்போடு வினைபுரிந்து, எளிதில் வழுக்கிவிடும் இரும்பு சல்பைடு படலத்தை உண்டாக்குகிறது. வினைத்திறன் மிகுந்த இதே கந்தகம் செம்புக் கலவைகளை அரிக்கக்கூடும் என்பதால், கியர் மாற்றும்போது சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையமுள்ள கியர்பாக்ஸில் கிரவுன் ஆயிலை ஊற்றுவது தவறு.

கூடுதல் பாதுகாப்புக்கென்று தனி டப்பாவில் விற்கும் சேர்மத்தை வாங்கி ஊற்றுவதையும் நான் ஏற்கமாட்டேன். எஃகுப் பரப்பில் இடம்பிடிக்க எல்லாச் சேர்மங்களும் போட்டியிடுவதால், ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றின் வேலை கெடலாம். பாஸ்பரஸ் மிகுந்தால் புகைபோக்கியிலுள்ள வினையூக்கியும் செயலிழக்கிறது. படலத்துக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கும் செலவாகும் இசட்.டி.டி.பி., எண்ணெயில் தண்ணீர் கலந்தால் இன்னும் விரைவாகச் சிதைந்துவிடும். தொட்டுப் பார்க்கும்போது எண்ணெய் கொழகொழப்பாக இருந்தாலும் அதிலுள்ள காப்பு தீர்ந்திருக்கலாம் என்பதால், மாற்றும் காலத்தை விரலால் தீர்மானிக்காமல், ஓடிய மணிக்கணக்கையோ ஆய்வகச் சோதனையையோ கொண்டு தீர்மானிக்க வேண்டும்.