ஜெர்மனி ஏன் நம் செவிலியரைத் தேடி வருகிறது?

வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தங்களைப் படித்து, கையெழுத்திடுபவருக்கு அதன் பொருளை விளக்குவது என் தொழில். ஜெர்மனிக்குச் செல்லவிருக்கும் செவிலியரும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது, "விசா கிடைத்துவிடுமா?" என்பதுதான். அந்த நாடு எதற்காக இவ்வளவு தொலைவு வந்து ஆள் எடுக்கிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலர். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் பேரம் பேசும் விதமே வேறாக இருப்பதால், அதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

1964-ஆம் ஆண்டில் கிழக்கு, மேற்கு ஜெர்மனி இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 13,57,000 குழந்தைகள் பிறந்தன. 2023-இல் பிறந்தவையோ ஏழு லட்சத்துக்கும் குறைவு. மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் தேவை. அங்கே அந்த எண் 2024-இல் 1.35-க்கு இறங்கிவிட்டது. 1964-இல் பிறந்தவர்கள் 2031-இல் 67 வயதை எட்டி ஓய்வு பெறுவார்கள். அப்போது காலியாகும் இடங்களில் பாதியை நிரப்பத்தான் அந்த மண்ணில் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள்.

இதில் ஓய்வூதியம்தான் பெரிய சிக்கல். ஜெர்மனியில் அது, ஒருவர் தன் பெயரில் சேர்த்து வைத்த பணத்திலிருந்து கிடைப்பதன்று. ஊதியத்தில் 18.6 விழுக்காட்டைத் தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதியாகச் செலுத்துகிறார்கள். இன்று வேலை செய்பவர் கட்டும் பணமே இன்றைய முதியவருக்குப் போய்ச் சேருகிறது. கட்டுபவர்கள் குறைந்து பெறுபவர்கள் பெருகினால், பிடித்தத்தை உயர்த்த வேண்டும், ஓய்வூதியத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வரிப்பணத்தைக் கூடுதலாகக் கொட்ட வேண்டும். மூன்றுமே வாக்குகளை இழக்கச் செய்யும் வழிகள் என்பதால், உழைக்கும் வயதினரை வெளியிலிருந்து வரவழைப்பது எல்லாக் கட்சி அரசுகளுக்கும் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

பி.எஸ்சி. நர்சிங் முடித்த 25 வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தது முதல் பட்டம் பெறும் வரை ஆன செலவு முழுவதும் அவருடைய குடும்பத்தினுடையது. அரசுக் கல்லூரியில் படித்தவர் என்றால், தமிழ்நாட்டின் வரிப்பணமும் அதில் உண்டு. ஜெர்மனி அதில் ஒரு காசும் போடவில்லை. ஆனால் அவருடைய முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு என வரிசையாகப் பிடித்தங்கள் தொடங்கிவிடுகின்றன. வளர்த்து ஆளாக்கியவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர்.

இதே கணக்கைப் பிற நாடுகளும் போடுவதால்தான் போட்டி. கல்வி, வயது, மொழித்திறன் போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் குடியேறுபவரைத் தேர்ந்தெடுக்கும் புள்ளி முறையைக் கனடா 1967-இலேயே கொண்டுவந்தது. நெடுங்காலம் கதவைச் சாத்தி வைத்திருந்த ஜப்பான் 2019-இல் குறிப்பிட்ட திறன்களுக்கென்று தனி விசா ஏற்படுத்தியது. ஜெர்மனி 2020-இல் திறன்மிகு பணியாளர் குடியேற்றச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, 2023-இல் அதைத் தளர்த்தி, 2024 அக்டோபரில் இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அதே மாதத்தில் கனடா, 2025-க்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை ஐந்து லட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தது. 2025 ஜூலையில் பிரிட்டன், பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை நிறுத்தியது. முதியோர் குறைந்துவிட்டதால் எடுக்கப்பட்ட முடிவுகள் அல்ல இவை. வீட்டு வாடகையும் உள்நாட்டு அரசியலும் தந்த அழுத்தமே காரணம். ஆகவே, சென்ற ஆண்டு போன அக்காவுக்கு இருந்த விதி இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ஆள் தேவைப்படுவது அவர்களுக்கு. ஆனால் என் மேசைக்கு வரும் தாள்கள் பல, நாம் அவர்களிடம் கெஞ்சி நிற்பது போல எழுதப்பட்டிருக்கின்றன. அண்மையில் நான் படித்த ஒன்றில், மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் மொழிப் பயிற்சிக்கும் விமானப் பயணத்துக்கும் ஆன செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. இரண்டரை ஆண்டு உழைத்துவிட்டு விலகினாலும் அதே முழுத் தொகைதான். வேலை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இத்தகைய நிபந்தனைகள் நியாயமான அளவில் இருக்கின்றனவா என்று ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றங்களே ஆராய்கின்றன; எனவே இப்படிக் கேட்பது அத்துமீறல் ஆகாது.

அடுத்தது ஊதியம். நம் பட்டத்துக்கு அந்நாட்டு அங்கீகாரம் கிடைக்கும் வரை நம்மவர்கள் பெரும்பாலும் உதவிச் செவிலியராகவே, குறைந்த ஊதியத்தில் வேலை செய்கிறார்கள். அங்கீகாரத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, அதற்கான பயிற்சிக்கோ தேர்வுக்கோ ஆகும் செலவு யாருடையது என்ற மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னது கணக்கில் வராது.

பணத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, முகவர்களில் பதிவு பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம்; அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். நகையை அடகு வைத்துப் பல லட்சம் கொடுத்த பிறகு என்னிடம் வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது, ஏனென்றால் அதே ஆளுக்காக மருத்துவமனையிடமிருந்தும் ஏஜென்சி பணம் வாங்கியிருக்கக்கூடும். முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். சென்னையில் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் விசாரியுங்கள். பதிவு எண்ணைக் காட்டத் தயங்குபவரிடம் பாஸ்போர்ட்டையோ அசல் சான்றிதழ்களையோ கொடுக்காதீர்கள்.