பிளேட்லெட்: தட்டணுவா, சிறுதட்டா?

டெங்கு காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருந்தால் இயல்பு என்பது பலருக்கு மனப்பாடம். சரி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

பிளேட் என்றால் தட்டு; 'லெட்' சிறுமையைக் காட்டும் ஒட்டு. சின்னத் தட்டு, அவ்வளவுதான். 1880களின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சொசேரோ, உயிருள்ள விலங்கின் நுண்ணிய இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். சிவப்பணு, வெள்ளையணுவோடு மூன்றாவதாக நிறமற்ற தட்டையான துணுக்குகளும் ஓடின. குழாய்ச் சுவரில் காயம்பட்ட இடத்தில் அவைதான் முந்திக்கொண்டு ஒட்டின. அவற்றை அவர் 'பியாஸ்த்ரீனே' என்றார். அதற்கும் சிறு தகடு என்றே பொருள்.

மருத்துவ நூல்கள் சொல்லும் இன்னொரு பெயர் த்ராம்போசைட். கிரேக்கத்தில் 'த்ராம்போஸ்' உறைகட்டி. 'சைட்' உயிரணுவைக் குறிக்கும் ஈறு. உறைவிக்கும் அணு, சுருக்கமாக உறைவணு என்று கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் உடம்பில் ஓடுவது முழு அணுவே இல்லை.

எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களிலிருந்துதான் எல்லா இரத்த அணுக்களும் பிறக்கின்றன. அதில் ஒரு கிளை மெகாகாரியோசைட் என்னும் பேரணுவாக வளர்கிறது. இதில் 'காரியோன்' கிரேக்கத்தில் கொட்டை; கொட்டை போல் உள்ளே இருப்பதால் உட்கருவுக்கு ஆகிவந்தது. இந்தப் பேரணு மஜ்ஜையின் இரத்தக் குழாய்க்குள் நீண்ட விழுதுகளை விடுகிறது. அவற்றின் நுனிகள் அறுந்து போய்த்தான் பிளேட்லெட் ஆகின்றன. இதை ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906-இல் எடுத்துக்காட்டினார். உட்கரு மஜ்ஜையிலேயே தங்கிவிடும். ஓடிவருவது இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் அகலமுள்ள துணுக்கு; ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஆஸ்பிரின் இதன் ஒரு நொதியை முடக்கினால் புதிதாகச் செய்துகொள்ள உட்கரு இல்லை, அதனால் அந்தத் துணுக்கு சாகும்வரை முடக்கம் நீடிக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் விசாரிப்பதற்கு இதுவே காரணம்.

தட்டு என்ற வடிவம்கூட ஓய்வில் இருக்கும்போது மட்டும்தான். விரலில் ஊசி குத்தினால் குழாய் சட்டென்று சுருங்குகிறது. கிழிந்த சுவரில் கொலாஜன் நார் வெளித்தெரிகிறது; வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் புரதம் அதில் பிளேட்லெட்டைப் பிடித்து நிறுத்துகிறது. பிடிபட்டது உருண்டு, முள் முள்ளாக நீட்டிக்கொண்டு, தன் உள்ளிருக்கும் வேதிப்பொருள்களைக் கொட்டி மற்றவற்றையும் இழுக்கிறது. அப்புறம் ஃபைப்ரின் என்னும் புரத நூல்கள் பின்னி அந்தக் குவியலை இறுக்குகின்றன. நெருஞ்சி முள்ளைப் போல் நிற்கிற நேரத்தில் பார்த்திருந்தால் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள்!

தமிழில் இதற்குப் பெயர் பஞ்சமில்லை. செய்தித்தாள்கள் தட்டணு என்கின்றன; இரத்தத் தட்டு, குருதிச் சிறுதட்டு என்பவையும் வழக்கில் உண்டு. குருதி என்பதற்குச் சிவப்பு என்றொரு பொருளும் உண்டு. சொல்லிலேயே நிறம் இருக்கிறது. என் ஓட்டு சிறுதட்டுக்கு. 'சிறு' என்பது 'லெட்'டுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அணு அல்லாததை அணு என்று சொல்லும் குழப்பமும் இல்லை. பாடநூலுக்கு அதுவே சரி. ஆனாலும் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று மூன்றும் ஒரே ஓசையில் வரும்போது நாக்கு அதற்குத்தான் பழகும். பேச்சிலும் செய்தியிலும் தட்டணு இருக்கட்டும், அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உறைவணு என்ற சொல்லை வேண்டுமானால் பறவைக்கும் ஊர்வனவுக்கும் ஒதுக்கலாம். அவற்றில் இந்த வேலையைச் செய்பவை உட்கருவோடு கூடிய முழு அணுக்கள், த்ராம்போசைட் என்ற பெயருக்கு முழுத் தகுதி உள்ளவை. மருத்துவ அறிக்கையில் வரும் த்ராம்போசைட்டோபீனியாவுக்குத் தட்டணுக் குறைவு என்றால் போதும். 'பீனியா' கிரேக்கத்தில் வறுமை.