ஃப்ளாஷ்பேக்: நினைவோட்டமா, பின்னோக்கா, முன்கதையா?

தமிழ்ப் படம் பார்க்கிற யாருக்கும் ஃப்ளாஷ்பேக் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. நாயகன் ஏன் தாடி வளர்த்துக்கொண்டு ஊரை விட்டுத் தனியாக இருக்கிறான், நாயகி ஏன் கல்யாணமே வேண்டாம் என்கிறாள் என்பதற்கெல்லாம் பதில் அங்கேதான் இருக்கும். படத்தில் வேலை செய்கிறவர்கள் இன்னும் சுருக்கி ‘எஃப்.பி. போர்ஷன்’ என்பார்கள். ஆனால் இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஆளுக்கொரு சொல் எழுதுகிறோம்: நினைவோட்டம், பின்னோக்கு, நனவோடை, கடந்த காலக் காட்சி. எனக்கு இதில் உறுதியான கட்சி உண்டு, அது ‘முன்கதை’.

ஆங்கிலச் சொல் பிறந்த இடம் சினிமாவே இல்லை. 1900களின் தொடக்கத்தில், எஞ்சினிலோ உலையிலோ வெளியே போக வேண்டிய தீ சட்டென்று திரும்பி உள்ளே பாய்வதற்கு அந்தப் பெயர். காஸ் வெல்டிங் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தீ குழாய் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குப் போய்விடாமல் தடுக்கிற கருவிக்கு இன்றைக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் என்றுதான் பெயர். மௌனப்பட காலத்தில், 1910களில், கதை சட்டென்று பழைய காலத்துக்குப் போய்வருவதற்கு அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிறகு மனநல மருத்துவத்துக்கும் போனது. பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவருக்கு அந்தக் கணம் கூப்பிடாமலேயே திரும்ப வந்து கண்முன் நிற்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்கு நான் சொல்லப்போகும் தமிழ்ச் சொல் பொருந்தாது, அது வேறு விஷயம்.

சொல் வெளியிலிருந்து வந்தது, உத்தி நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரி மகளிர் ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கி, அன்றைக்கு இதே நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது என்கிறார்கள். அடுத்து ‘இற்றைத் திங்கள்’ என்றதும் இரண்டும் இல்லை. ஒரே நிலவை வைத்து இரண்டு காலத்தை ஒட்டியிருக்கிற அந்த வெட்டை இன்றைய எடிட்டர் யாரும் மெச்சுவார். சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கோவலனின் முற்பிறப்புக் கதையைச் சொல்வதும் இதே வேலைதான். சினிமாவில் என்றால் 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் எஸ். பாலசந்தர் ஒரு கொலையை வைத்து, ஒவ்வொருவர் சொல்வதையும் தனித்தனியாகக் காட்டினார், அதுவும் ஒரு பாட்டுகூட இல்லாமல்.

காதல் படங்களுக்கு வருவோம், இந்தச் சொல்லின் வீடு அங்கேதான் இருக்கிறது. ‘மௌன ராகம்’ (1986) படத்துக்கு மணிரத்னம் முதலில் எழுதிய கதையில் நாயகியின் பழைய காதலனாகக் கார்த்திக் நடித்த மனோகர் பாத்திரமே கிடையாது, பிறகு சேர்த்ததுதான். அந்தப் பகுதி வந்ததால்தான் புருஷனை ஏற்க மறுக்கும் நாயகி ரேவதியின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. அங்கே அவள் தன் புருஷனிடம் வாய்விட்டுச் சொல்கிறாள், நாம் பார்க்கிறோம். நினைவோட்டம் என்ற சொல் இங்கேயே லேசாக இடறுகிறது, ஏனென்றால் நினைப்பது வேறு, எதிரில் இருப்பவருக்குச் சொல்வது வேறு.

முழுதாக இடறி விழுவது ‘96’ படத்தில். 2018இல் பிரேம்குமார் இயக்கிய படம், பள்ளியில் காதலித்துப் பிரிந்த இருவர் பல வருடம் கழித்துச் சந்திக்கிற கதை. பிரேம்குமார் அதற்கு முன் ஒளிப்பதிவாளர். (அவருக்கே ஒருமுறை தலையில் அடிபட்டுச் சில காலத்து நினைவு மறந்துபோன சம்பவத்தை வைத்துத்தான் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ எடுத்தார்கள் என்பதை நினைத்தால், அவர் இயக்கிய முதல் படம் முழுக்க நினைவைப் பற்றியே இருப்பது எனக்கு இன்னும் நெருக்கமாகிறது.) தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடப் பகுதியில் ராமாக ஆதித்யா பாஸ்கரும் ஜானுவாக கௌரி கிஷனும் வருகிறார்கள். பெரியவர்களான விஜய் சேதுபதியையும் திரிஷாவையும் மேக்கப்பில் சிறுசாக்காமல் வேறு பிள்ளைகளை நடிக்க வைத்தது படத்துக்குப் பெரிய பலம். அது சாதாரண ஃப்ளாஷ்பேக். ஆனால் நடு ராத்திரியில், ராமிடம் போட்டோகிராபி படிக்கிற மாணவிகள் ஜானுவை அவன் மனைவி என்று நினைத்து, நீங்கள் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறார்கள். கல்லூரி நாளில் அவன் தேடி வந்தும் உண்மையில் சந்திக்காமல் போன அந்தத் தருணத்தில், சந்தித்துவிட்டதாகவே அவள் கதையை மாற்றிச் சொல்கிறாள். படமும் அதை நடந்தது போலவே காட்டுகிறது. இதை நினைவோட்டம் என்று எழுத முடியுமா? அவள் நினைவில் அப்படி ஒன்று இல்லவே இல்லையே. ‘பொய்யான முன்கதை’ என்று எழுதிப் பாருங்கள், சரியாக உட்கார்ந்துகொள்ளும்.

நனவோடை என்பதை இதற்கு எழுதவே கூடாது. மனதில் ஓடுகிற எண்ணங்களை ஓடுகிற வரிசையிலேயே எழுதிக்கொண்டு போகிற இலக்கிய உத்திக்கு உரிய சொல் அது. பின்னோக்கு பரவாயில்லை, திரும்பிப் பார்க்கிற செயலைக் காட்டுகிறது. ‘கதை பின்னோக்கிப் போகிறது’ என்று வினையாக எழுதும்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதிக்கே பெயராக வைக்கும்போது ஒரு சிக்கல். தமிழில் காலத்தைச் சொல்லும்போது ‘முன்’ என்பதுதான் கடந்துபோனது: முன்னோர், முன்னாள், முன்பு. ‘பின்’ என்பது இனி வருவது: பின்னர், பின்னாளில். ஆகவே நடந்து முடிந்த கதைக்கு முன்கதை என்பதே நம் மொழியின் கணக்குப்படி வருகிற பெயர். புதிதாக உருவாக்கவும் வேண்டியதில்லை, வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்களுக்கு ‘முன்கதைச் சுருக்கம்’ அந்தக் காலத்திலிருந்தே பழக்கம்.

மக்கள் தாங்களே செய்த சொல் ஒன்றும் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் நியாயமில்லை. பழைய படங்களில் திரையில் வளையம் வளையமாகச் சுழன்று காட்சி மாறுமே, அதைப் பார்த்து ‘கொசுவத்தி சுத்துறது’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாராவது பழைய கதையை எடுத்தால் ‘கொசுவத்திய ஆரம்பிச்சுட்டான்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். இத்தனை கலைச்சொல்லிலும் கண்ணால் பார்த்ததிலிருந்து பிறந்தது அது ஒன்றுதான், பேச்சில் அது அப்படியே இருக்கட்டும்.

முன்கதையிலும் ஒரு குறை உண்டு. முதல் படத்துக்கு முந்தைய காலத்தைத் தனிப் படமாக எடுக்கிறார்களே, ப்ரீக்வல், அதையும் சிலர் முன்கதை என்கிறார்கள். அதற்கு ‘முன்கதைப் படம்’ என்று முழுதாக எழுதிவிட்டால் குழப்பம் இருக்காது. இனி நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டுகிற ஃப்ளாஷ்-ஃபார்வர்டுக்கு, அதே கணக்குப்படி ‘பின்கதை’. விமர்சனம் எழுதுகிறவர்கள் ‘இடைவேளைக்கு அப்புறம் வருகிற முன்கதை கொஞ்சம் நீளம்’ என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம், யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள்.